குப்பைக்கூடை வட்டாரங்கள்

லோர்னா குப்பை திருடுகிறவள்.

ஹாலோவே கல்லூரியின் விளையாட்டுத் துறை அலுவலகத்தைப் பெருக்கித் துடைப்பது அவள் வேலை. சாயங்காலம் டைரக்டர் அறைக் குப்பைக்கூடையைக் கொட்டும்போது, கிழித்துப் போட்ட காகிதத் துண்டுகளை மட்டும் பொறுக்கி சாண்ட்விச் டப்பாவில் அடைத்துக்கொள்வாள்.

வீட்டில் புருஷன் மெர்ல் பசையோடு காத்திருப்பான்.

இதய ஆபரேஷனுக்குப் பிறகு அவன் லாரி ஓட்டுவதை விட்டுவிட்டான். இப்போது அவனுடைய முழுநேர வேலை ஒன்றே ஒன்றுதான். ஹாலோவே ஃபுட்பால் அணி, இருக்கிற சின்ன லீக்கை விட்டுப் பெரிய லீக்குக்குத் தாவப்போகிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும். ரசிகர்களின் இணையதளத்தில் அவன் பெயர் ‘கிழட்டுக் கழுகு’. துண்டுகளை ஒட்டிப் படித்துவிட்டு, ‘நம்பத்தகுந்த வட்டாரங்கள் சொல்கின்றன’ என்று அவன் ஆரம்பித்தால் ஊரில் பாதி வீடுகளில் சாப்பாடு ஆறிப்போகும்.

அந்த நம்பத்தகுந்த வட்டாரம் பக்கத்து அறையில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும்.

ஒரு தடவை ஒட்டியதில் ‘வியாழன்’, ‘விமானம்’ என்று இரண்டு வார்த்தைகள் தேறின. வியாழக்கிழமை, பெரிய லீக்கின் ஆள் வந்து இறங்குவதைப் பார்க்க நாற்பது பேர் மடக்கு நாற்காலியும் பீருமாக ஊர் விமானத் திடலின் வேலியோரம் உட்கார்ந்துவிட்டார்கள். வந்து இறங்கியவர் பன்றிகளுக்குத் தடுப்பூசி விற்கிற ஆள். பையைத் திறந்து ஊசியைக்கூடக் காட்டினார்.

‘மாறுவேஷம்’ என்று எழுதியது கழுகு. நாற்பது பேரும் ஒத்துக்கொண்டார்கள்.

அது ஒருத்தியின் வேலைக்கே உலை வைக்கும்வரை எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது.

டைரக்டர் பிரெஸ்காட் பத்திரிகைக்காரர்களைக் கூட்டினார். வதந்தி பரப்புகிறவர்கள் கல்லூரியின் எதிரிகள் என்றார். ரகசியத்தை வெளியே விட்ட ஆளைக் கண்டுபிடித்தாயிற்று என்றபோது கைக்குட்டையை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொண்டார். மறுநாள் அவருடைய காரியதரிசி டேஷா, குழந்தை படத்தையும் காப்பிக் கோப்பையையும் அட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். விசாரணை முடிகிறவரை வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை.

“நான் யார்கிட்டயும் வாயே திறக்கல, லோர்னா” என்றாள் வாசலில்.

லோர்னாவுக்கு அது நன்றாகவே தெரியும்.

ஒப்புக்கொண்டால் வேலை போய்விடும். அந்த வேலையோடுதான் மெர்லின் இதய மாத்திரைகளுக்கான இன்ஷூரன்ஸும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒப்புக்கொள்ளாவிட்டாலோ, கைக்குழந்தைக்காரி ஒருத்தி நடுத்தெருவில். இரண்டு நாள் புரண்டு படுத்தாள். மூன்றாம் நாள் டைரக்டர் அறைக் கதவைத் தட்டி, ஒன்று விடாமல் கொட்டிவிட்டாள்.

பிரெஸ்காட் கதவைச் சாத்தினார். கத்தப்போகிறார் என்று நினைத்தாள். அவர் அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“யாரோ எடுத்துட்டுப் போறாங்கன்னு தெரியும். நீங்கதான்னு தெரியாது. அந்தக் கழுகு உங்க வீட்டுக்காரரா? நல்லா எழுதறார்.”

“சார்?”

“எந்தப் பெரிய லீக்கும் நம்மளக் கூப்பிடல, லோர்னா. கூப்பிடவும் மாட்டாங்க. ஆனா கூப்பிடப்போறாங்கன்னு பேச்சு கிளம்பின பிறகுதான் மைதானத்துல உட்கார இடமில்ல. அதான், நானே எழுதி நானே கிழிச்சுப் போடறேன்.”

“அப்போ டேஷா?”

“ஒருத்தரை வெளியே அனுப்பினாத்தானே விஷயம் நிஜமாவே கசிஞ்சுதுன்னு ஜனம் நம்பும்? சீசன் முடியட்டும், பார்த்துக்கலாம்.” எழுந்து அவரே கதவைத் திறந்துவிட்டார். “இனிமே கொஞ்சம் பெரிய துண்டாக் கிழிக்கிறேன். பாவம், ஒட்ட சிரமப்படறார்.”

லோர்னா வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் மெர்லிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முழுசாகக் கேட்டான். பிறகு, ஆதாரம் இருக்கிறதா என்றான்.

“பிரெஸ்காட்டே என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.”

“அந்தாளு உன்னைக் குழப்பிவிடறார். இவ்வளவு தூரம் மறைக்கிறாருன்னா விஷயம் முடிஞ்சாச்சுன்னு அர்த்தம்” என்று மெர்ல் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினான். திங்கட்கிழமை அறிவிப்பு வரும் என்று அன்றைக்குக் கழுகு எழுதியது.

மறுநாள் சாயங்காலம் லோர்னா பெருக்கி முடித்ததும், காலியாகக் கிடந்த டேஷாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒற்றை விரலால் நான்கு வரி தட்டினாள். நம்மை எந்த லீக்கும் அழைக்கவில்லை. கசியவிட்டது டேஷா அல்ல. குப்பைக்கூடையில் எழுதிப் போடுவது டைரக்டரே. இதை அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

யார் வேலை என்று பிரெஸ்காட்டுக்கு உடனே புரிந்துவிடும். புரியட்டும். லோர்னாவை வேலையை விட்டு அனுப்ப வேண்டுமானால் எதற்காக என்று அவர் காகிதத்தில் எழுதியாக வேண்டுமே; எழுதினால் தன் குட்டைத் தானே உடைத்த மாதிரி ஆகும்.

அச்சடித்து எடுத்து, கிழித்து, சாண்ட்விச் டப்பாவில் போட்டாள்.

மெர்ல் ஒட்டினான். மூன்றாவது வரியை இரண்டு தடவை படித்தான். கழுகு எழுதிய அரை மணி நேரத்தில் ஊரே கொதித்தது. கல்லூரி நிர்வாகக் குழுவினர் நேரே பிரெஸ்காட்டின் வீட்டுக்குப் போய்க் கேட்டார்கள். அவரால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. மறுநாள் மத்தியானம் டேஷா தன் மேஜைக்குத் திரும்பிவிட்டாள்.

மெர்ல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஒட்டிய தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருந்தான்.

“இதையேதான் முந்தாநாள் நான் உன்கிட்ட சொன்னேன்” என்றாள் லோர்னா.

“நீ வாயாலதானே சொன்னே?” என்றான் மெர்ல். “இது கிழிஞ்சுல்ல வந்திருக்கு.”