இரண்டு தட்டு, விட்டு ஒன்று

ஐந்து சந்தி ஹாட்வெயார்க் கடையின் மேசையில் காலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. மர்ளியா கைப்பையிலிருந்து பித்தளை வளையமொன்றை எடுத்து அந்த வெயிலுக்குள் வைக்கிறா. வாசற்கதவைத் தட்டுகிற வளையம். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்கள் எல்லாரையும் ஊரைவிட்டுத் துரத்தியபோது வாப்பா கழற்றிக்கொண்டு போனது. புத்தளத்தில் முப்பது வருசத்துக்கு மேல் அலுமாரிக்குள் கிடந்தது. இப்போது பழைய வளவில் புது வீடு, புது வேப்பங்கதவு. ஸ்குறூ பூட்டும் காதுகள் இரண்டும் முறிந்துவிட்டதால் ஒட்டத்தான் வேணும். கடைக்கார லெனாட் வெள்ளைப் பசைப் போத்தலைத் தள்ளிவைக்கிறான். "உது பலகையோடை பலகையைத்தான் ஒட்டும் அக்கா." ரப்பர் பசையும் வேண்டாமாம், வெயிலுக்கு இளகிப்போகுமாம். கடைசியில் இரட்டைக் குழாய்ப் பசையை எடுத்து நீட்டுகிறான். "பித்தளையின்ரை முதுகை அரத்தாளாலை நல்லாய்த் தேயுங்கோ. ரெண்டையும் சரிபாதி கலந்து ஒட்டிப்போட்டு ஒரு நாள் தொடாதேங்கோ."

"தட்டத் தட்ட விழாதே?"

"அப்பிடி எத்தினை பேர் வந்து தட்டுவினம்?"

அவவின் வீட்டுக்கு இருபக்கமும் இன்னும் வெறும் பற்றைக்காடு. புத்தளத்திலேயே தங்கிவிட்ட தங்கச்சி ஒவ்வொரு பெருநாளுக்கும் வாறன் வாறன் என்கிறாள். மர்ளியா வளையத்தைத் தூக்கி மேசைப் பலகையில் தட்டுகிறா. இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ஒன்று.

"என்ரை தங்கச்சி இப்பிடித்தான் தட்டுவாள்," என்று சொல்ல வாயெடுத்தவ, அந்தச் சத்தத்துக்குத் தானே திரும்பி வாசலைப் பார்க்கிறா.