கைபடாத புத்தகங்கள்

“கடைசியா ஒரு தடவ மொகத்தப் பாத்துக்கிறேன் தம்பி. கொஞ்சம் பொறுங்க.”

கணேசமூர்த்தியின் குரல் உடைந்தது. பெட்டியைத் தூக்கக் குனிந்த முகுந்தன் மரியாதையாகக் கையை எடுத்துக்கொண்டான். பக்கத்து வீட்டு விமலா சட்டி கழுவுவதை நிறுத்திவிட்டு ஓடிவந்தாள்.

“அலாமாக்! யாருண்ணே? எப்ப?”

“யாருமில்ல. அவரோட பொம்ம புக்கு” என்றாள் வாசலில் நின்ற அவர் மனைவி புஷ்பவள்ளி.

கணேசமூர்த்தி மூடியைத் திறந்தார். உள்ளே, மேலிருந்த புத்தக அட்டையில், நெஞ்சில் குண்டு வாங்கியும் சிரித்துக்கொண்டிருந்தார் ஒரு துப்பறிவாளர். சிரம்பான் கடையில் வாங்கிய அன்று எப்படி இருந்தாரோ, அப்படியேதான் இருந்தார். வாங்கியவருக்குத்தான் தலை வழுக்கையாகிவிட்டது.

அத்தனை பெட்டியிலும் காமிக்ஸ். லிங்கி தோட்டத்தில் செம்பனைக் குலை லோரி ஓட்டிய காலமெல்லாம் சேர்த்தவை. இப்போது தோட்டம் கைமாறி, வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இனி மகள் வீட்டுப் பின்னறைதான். அங்கே ஒரு கட்டிலைப் போட்டால் மனிதன் பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும்.

விற்பது என்று முடிவெடுத்தவர் அவரேதான். புஷ்பவள்ளி வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அது அவருக்குப் பெரிய ஏமாற்றம். ‘வித்துத் தொலைங்க’ என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பழியை அவள்மேல் போட்டு ஆயுசுக்கும் புலம்பியிருக்கலாம்.

கண்ணாடி முன் நின்று, ‘வெறும் காகிதம்தானே’ என்று சொல்லிப் பழகிப் பார்த்தார். பாதியிலேயே மூக்கு அடைத்துக்கொண்டது. மகளைக் கல்யாணம் செய்து அனுப்பிய அன்று கல்லு மாதிரி நின்று பேர் வாங்கிய மனிதர், இப்போது காமிக்ஸ் போட்ட ஒரு பிளாஸ்டிக் உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். தன்னைப் பார்க்கத் தனக்கே சிரிப்பாக இருந்தது. ஆனால் உறையைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

முகுந்தனுக்கு முன்னால் வாங்க வந்த இரண்டு பேரை அவர் திருப்பி அனுப்பியிருந்தார். ஒருவன் வாயில் சிகரெட். இன்னொருவன் “கிலோ எவ்வளவு?” என்று கேட்டான், அவனுக்குக் குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. முகுந்தன் அப்படியில்லை. செண்டாயான் தொழிற்சாலையில் வேலை, பழைய காமிக்ஸ் என்றால் உயிர்.

“கைய நல்லாக் கழுவிட்டுத்தான் தொடணும்லா தம்பி. எச்சி தொட்டுப் பொரட்டக் கூடாது. வெயில் படக் கூடாது.”

“சரி அங்கிள்.”

“யாருக்கும் எரவல் குடுத்துறாதீங்க. என் வீட்டுல ஒரு ஈகூடத் தொட்டதில்ல. பொஞ்சாதியவே தொட விட்டதில்ல, பாத்துக்குங்க!”

அதில் பொய் இல்லை. கல்யாணமான புதிதில் புஷ்பவள்ளி ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரிக்க, அவர் போட்ட சத்தத்தில் வரிசை வீட்டுக் கோழிகளெல்லாம் சிதறி ஓடின. “யாருக்கு வேணும் ஒங்க பொம்ம புக்கு!” என்று வைத்துவிட்டுப் போனவள்தான். அன்றிலிருந்து அந்தப் புத்தக அலமாரிக்கு அவருடைய முறைப்பே பூட்டு. விடிந்து லோரி எடுத்தால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார். புத்தகங்கள் வைத்தது வைத்தபடி இருக்கும்.

முகுந்தன் ஒன்றை உறையிலிருந்து எடுத்துப் புரட்டினான். புருவம் சுருங்கியது.

“அங்கிள், இங்க மஞ்சக் கற மாதிரி இருக்கே?”

கணேசமூர்த்தி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். டாக்டர் எக்ஸ்ரே பார்ப்பதுபோல் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கனைத்தார்.

“இது கற இல்ல தம்பி. அந்தக் காலத்து அச்சு மை. வருசம் ஆக ஆக இப்படித்தான் மஞ்சளாப் பூக்கும். வெவரம் தெரிஞ்சவங்களுக்குத்தான் இதெல்லாம் புரியும்.”

புஷ்பவள்ளி, அடுப்பில் குழம்பு கொதிக்கிறது என்று உள்ளே போய்விட்டாள்.

பெட்டிகள் ஏறின. கார் செம்மண் பாதையில் திரும்பியபோது கணேசமூர்த்தி கையசைத்தார். பெட்டிகளுக்குத்தான் கையசைத்தோம் என்பது கையை இறக்கிய பிறகுதான் அவருக்கே உறைத்தது.

உள்ளே வந்தார். வெற்று அலமாரி வாயைத் திறந்துகொண்டு நின்றது. அதைப் பார்த்து ஒரு பாட்டம் அழுதுவிடலாம் என்று சுவரில் சாய்ந்தபோது, சமையல்கட்டிலிருந்து விசும்பல் கேட்டது.

புஷ்பவள்ளி அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, துண்டில் முகம் புதைத்து அழுதுகொண்டிருந்தாள். குழம்பு எதுவும் கொதிக்கவில்லை. அடுப்பே பற்றவைக்கவில்லை.

கணேசமூர்த்தி உருகிப்போனார். தன் துக்கம் இவளை இப்படி உலுக்குகிறதே! இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியும் இவள் மனதைத் தெரிந்துகொள்ளாமல் இருந்துவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு கொஞ்சம் பெருமையும் சேர்ந்து நெஞ்சு நிமிர்ந்தது. அவள் பக்கத்தில் குந்தி, தோளில் கை வைத்தார்.

“அழுவாத வள்ளி. நான் ஆம்பள, தாங்கிக்குவேன். எனக்காக நீ இப்படி ஒடம்பக் கெடுத்துக்கலாமா?”

புஷ்பவள்ளி அவர் கையைத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

“ஒங்களுக்காக யாரு அழுவுறா? மலை பங்களாவுல அந்த டாக்டரக் கொன்னது யாருன்னு நான் இன்னும் படிச்சு முடிக்கலங்க!”