மாற்றுச் சேலை

கைநடுக்கம் வந்த பிறகு எனக்குப் பீடி சுற்ற வரவில்லை. சுற்றுகிற பெண்களுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டுகிறேன். யாராவது ‘ம்’ கொட்டினால்தான் அடுத்த வரிக்குப் போவேன். அந்த வேலை இசக்கியம்மாளுடையது. அன்று வாசித்தது ஒரு பேய்ப்பாட்டு. ஆற்றில் மூழ்கிச் செத்த ராணி, மழை பெய்யும்போதெல்லாம் பாழடைந்த அரண்மனை வாசலில் சொட்டச் சொட்ட வந்து நின்று மாற்றுச் சேலை கேட்கிறாள். உள்ளே ராஜா தாழ்ப்பாளைப் பிடித்தபடி நிற்கிறான்.

“ஒரு சேலைக்கா இந்தப் பாடு? எங்க வீட்டு ஆளு மாதிரில்லா இருக்கான்” என்றாள் பூரணம். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் ‘ம்’முக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. போன ஐப்பசியில் இசக்கியம்மாளின் மகள் புருஷன் வீட்டிலிருந்து மழையில் நனைந்து வந்தாள். வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டாள் இவள். மறுநாள் அந்த மகளைக் கிணற்றிலிருந்து பிணமாக எடுத்தார்கள். எனக்கு அது அப்போதுதான் உறைத்தது.

இலை வெட்டும் கத்தரிச் சத்தம் நின்றுவிட்டது.

“தொறந்தானா சித்தி?” என்று கேட்டாள் இசக்கியம்மாள், பீடி இலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

புத்தகத்தில் அவன் கடைசிவரை திறக்கவில்லை. “தொறந்துட்டான்” என்று வாசித்தேன். “சேலையும் குடுத்துட்டான்.”

“என்ன கலரு?”

வெறுமனே ஒரு பக்கத்தைப் புரட்டினேன். “நீயே சொல்லுட்டி.”

“மாதுளம்பூ கலரு” என்றாள். “அவளுக்குத் தலைத் தீவாளிக்கு எடுத்தது. பொட்டியிலயே இருக்கு.”

“ம்” என்றாள் பூரணம்.