ரப்பர்தான் சரியில்லை

"இதை விடக் கூடின விலையில இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கண்ணே."

"இருக்கு. ஆனா நீ வாங்காதே."

வந்த கிராக்கியிடம் இப்படிப் பேசுகிற மனிதர் விளையாட்டுச் சாமான் கடை வைத்தால் கடை எப்படி இருக்குமோ, அப்படித்தான் இருந்தது. டேபிள் டென்னிஸ் பேட்டுகளுக்கு ரப்பர் ஒட்டித் தருவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. வியாபாரத்தில் அவரை மிஞ்சாத ஆளில்லை.

அவள் பேட்டை மேஜைமேல் வைத்தாள். ஆபீஸ் அணியில் பதினெட்டு வருஷமாக ஆடுகிறவள், இடதுகை ஆட்டக்காரி. இரண்டு மாதத்தில் மூன்றாவது தடவையாக ரப்பர் மாற்ற வந்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் போன தடவையை விட விலை கூடினதாகப் பார்த்து வாங்கினாள்.

கடைக்காரர் ஒரு பந்தை எடுத்துக் கறுப்புப் பக்கத்தில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி இழுத்தார். பந்து நகர மறுத்தது.

"பாத்தியா, எப்படிக் கவ்வுது! இன்னும் ஆறு மாசம் தாங்கும்மா. இதைப் போய்ச் செத்துப்போச்சுங்கிறியே."

"பந்து பட்டா விரலுக்கு ஒரு சேதி வருமேண்ணே, அது வரலை. சத்தம் கேக்குது, அவ்வளவுதான். எங்க போய் விழும்னு எனக்கே தெரியல."

"சாதா ரப்பருக்கும் ஒசந்த ரப்பருக்கும் வித்தியாசமே இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஒசந்ததுல பந்து இன்னும் ரெண்டு சுத்து சேத்துச் சுத்தும். ஆனா அந்த ரெண்டு சுத்துக்கு இந்த ஆனை விலை குதிரை விலை அநியாயம். தேஞ்சுபோன ரப்பரை வெச்சே கப்பு ஜெயிச்சவ நீ. பாதிச் சம்பளத்தை என் கல்லாவுல கொட்டாதே."

"போன வாரம் தபால் பிரிவுப் பொண்ணுகிட்ட பதினொண்ணுக்கு மூணுன்னு தோத்தேன். அந்த மூணும் அவ தப்பா அடிச்சது. சனிக்கிழமை டீம் எடுக்கிறாங்க. கடைசி எடம் ஒண்ணுதான், அவளா நானான்னு."

"எடம் போனா வேலையா போயிடும்?"

"வேலை இருக்கும். ஃபைலைத் தூக்கி இந்த மேஜையிலேருந்து அந்த மேஜைக்கு வைக்கிற வேலை. அதுக்கா நான் தெனம் காலைல எழுந்திருக்கேன்? அந்த டேபிளுக்குப் போறதுக்குத்தானே எழுந்திருக்கேன்? ஆட்டம் போயிட்டா நான் யாருண்ணே?"

கடைக்காரருக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "தப்பா நெனைக்காதே. இது ரப்பர் இல்லம்மா, பயம். சின்னப் பொண்ணைப் பாத்து உனக்குப் பயம் வந்திருச்சு."

அவள் சிரித்தாள். அழுதிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"கோச் வயசாயிருச்சுங்கிறார். எங்க வீட்டுக்காரர் கவனம் இல்லைங்கிறார். நீங்க பயங்கிறீங்க. எல்லாரும் சேந்து என்மேலயே பழியைப் போடுறீங்களே, ரப்பர்தான் சரியில்லைன்னு சொல்ல எனக்கு ஒரு ஆளாவது வேணாமாண்ணே?"

அவர் ஸ்டூலைப் போட்டு ஏறி, மேல் அலமாரியிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்துத் தூசி தட்டினார். கடையிலேயே விலை கூடின ரப்பர். வாங்க ஆளில்லாமல் ஒரு வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

கறுப்புப் பக்கத்துப் பழைய ரப்பரை உரித்தார். மரத்திலும் புது ரப்பரின் முதுகிலும் வெள்ளைப் பசையைத் தடவி, அது காய்ந்து கண்ணாடி போல் ஆகும்வரை காத்திருந்தார். பிறகு ஒட்டி உருளையை ஓட்டினார். இனி மரத்தின் விளிம்போடு சுற்றி, மிச்ச ரப்பரை அறுத்து எடுக்க வேண்டும். அவர் பிளேடை எடுத்ததும் அவள் கை நீட்டினாள்.

"என் பேட்டை நான்தான் வெட்டுவேன். வேற யாரு வெட்டினாலும் எனக்கு ராசியில்லைன்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். கொடுத்துவிட்டார்.

ஆட்டத்தில் பிடிக்கிற மாதிரியே ஆள்காட்டி விரல் கறுப்பு ரப்பர்மேல் நீண்டிருக்க இடது கையால் பேட்டைப் பிடித்துச் செய்தித்தாள்மேல் கவிழ்த்துக்கொண்டு, வலது கையால் அறுக்கத் தொடங்கினாள். புது ரப்பர் வாசனை வந்ததுமே அவளுக்குப் பேச்சு வந்துவிட்டது. சனிக்கிழமை முதல் சர்வீஸ் எங்கே போடப்போகிறாள், அந்தப் பெண்ணை எந்தப் பக்கம் இழுத்து எந்தப் பக்கம் அடிக்கப்போகிறாள், எல்லாம் சொன்னாள். கடைக்காரர் உம் கொட்டிக்கொண்டே பில் எழுதினார். தன் லாபத்தைக் கழித்துத்தான் எழுதினார். இவள் ஜெயித்துத் தொலைக்கட்டும், நம் வாய் பொய்யாகப் போகட்டும் என்று நினைத்துக்கொண்டார்.

பேட்டைப் புரட்டிப் பார்த்தவள் முகம் சுளித்தாள். "அண்ணே, பசை சரியாக் காயலை போலிருக்கு. ரப்பர்ல ஒரே ஈரம்."

மறுபடி கவிழ்த்து மிச்சத்தை அறுக்க ஆரம்பித்தாள். பேனாவை வைத்துவிட்டு அவர் குனிந்து பார்த்தார். கறுப்பு ரப்பரில் தெரியாத நிறம் அடியிலிருந்த செய்தித்தாளில் தெரிந்தது. இடது ஆள்காட்டி விரலில் பிளேடு பாதி இறங்கியிருந்தது. அவள் கவனம் முழுவதும் விளிம்பில்தான் இருந்தது.

"ஐயோ, நிறுத்தும்மா! வலிக்கலையா உனக்கு?"

"எதுண்ணே?" என்றாள் அவள்.