பத்தொன்பது சீட்டும் ஃபுல்

"ஒன்பது பேருக்கு ஒரு ஆள் குறைஞ்சாலும் இந்த விமானத்தை நிறுத்தச் சொல்லி எழுதிடுவேன். அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது, மேனேஜர்!"

தலைமை அலுவலகத்து அதிகாரி கறாராகச் சொல்லிவிட்டு, அந்தக் குட்டி விமான நிலையத்தின் ஒரே ஹாலுக்குள் நுழைந்தார். மூன்று மணி நேரம் காரில் குலுங்கி வந்ததில் இடுப்பு கழன்றுபோயிருந்தது. இங்கே விமானம் விட்ட நாலு கம்பெனிகளும் ஆள் கிடைக்காமல் ஓடிப்போன கதை அவருக்கு அத்துப்படி. ஐந்தாவதான தன் கம்பெனியையும் மூட்டை கட்ட வைக்கத்தான் வந்திருந்தார்.

உள்ளே போனவர் அசந்துபோனார். ஹால் நிறைய ஜனம்! ஆளுக்கொரு பெட்டி.

"எல்லாரும் பயணிகளா?"

"ஆமா சார். பத்தொன்பது சீட்டும் ஃபுல். தினமும் இதே கூத்துதான்" என்ற மேனேஜர், கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "விமானம் நின்னா என்னை எங்கேயாவது தூக்கி அடிச்சிடுவாங்க சார். சம்சாரம் இந்த ஊர்க்காரி. கூட வரமாட்டேன்னுட்டா."

அதிகாரி சும்மா விடுகிற ஆளா? முன்வரிசையில் இருந்த வயதான அம்மாளிடம் போனார். "எங்கேம்மா பயணம்?"

அம்மாள் மேனேஜரை ஒருமுறை பார்த்தாள். "ஆபீஸ் வேலையா."

"நானும் ஆபீஸ் வேலையாத்தான்" என்றார் பக்கத்திலிருந்த பல் இல்லாத பெரியவர். யாரும் கேட்காமலே பின்வரிசையும் அதையே சொன்னது.

இந்த வயதிலும் என்ன சுறுசுறுப்பு! அதிகாரிக்கு மனம் குளிர்ந்துவிட்டது. எல்லாருக்கும் ஒரே மாதிரி நீள மூக்கு. ஊர்த் தண்ணீர் வாகு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

"என் கண்ணாலயே பாத்துட்டேன். விமானம் தொடரட்டும்னு எழுதிடறேன்" என்று பேனாவைத் திறந்தார்.

மேனேஜருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஆனா ஒண்ணு. மறுபடி அந்தக் கார்ல ஏறினா என் இடுப்பு என்கூட வராது. நானும் இந்த விமானத்துலயே போறேன். யாரையாவது நாளைக்குப் போகச் சொல்லுங்க."

மேனேஜர் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. "வேண்டாம் சார், பாவம், எல்லாருக்கும் அவசரம்..."

"நீங்க இருங்க, நானே கேக்கறேன்." அதிகாரி தொண்டையைச் செருமினார். "உங்கள்ல யாராவது ஒருத்தர் இன்னைக்குப் போகாம எனக்கு இடம் கொடுக்க முடியுமா?"

கேட்டு வாய் மூடவில்லை, பத்தொன்பது பேரும் பெட்டியோடு எழுந்துவிட்டார்கள்.

"அப்பாடா, பயத்துலயே பாதி செத்தேன்!" என்ற முன்வரிசை அம்மாள், மேனேஜர் பக்கம் திரும்பினாள். "அப்ப ஏரோப்பிளேன்ல ஏறாமலே நாங்க எல்லாரும் வீட்டுக்குப் போயிடலாமா, மாப்பிள்ளை?"