தாய்க்கொடி

பாகம் பிரித்துத் திராட்சைத் தோட்டத்துக்கு நடுவே கம்பிவேலி போட்ட அன்றே அங்குத்தாய் தன் ஓரகத்தி சிவனம்மாளோடு பேச்சை முறித்துக்கொண்டாள். அப்படியிருக்க, ஒயின் கம்பெனி ஆள் இரண்டு பக்கத்துச் சாற்றையும் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே தாய்க்கொடியில வந்ததுதான்க்கா, மாத்தமே இல்ல" என்றால் உடம்பு எரியாதா? காய்த்துக் கிடந்த கொடிகளை வேரோடு பிடுங்கிப் போட்டாள். அந்த வருஷமே சிவனம்மாளும் தன் பக்கத்தைப் பிடுங்கியபோது, "இதுலயும் என்னையப் பாத்துச் செய்யிறா" என்று அங்குத்தாய் கறுவினாள். நாற்பது மைல் தள்ளிப்போய் நர்சரியில் நாற்று வாங்கி வந்து, மூன்று வருஷம் பிள்ளை மாதிரி வளர்த்தாள்.

இன்றைக்கு அதே ஆள் வந்தான். சாற்றைக் குடித்தான். தலையைச் சொறிந்தான்.

"பழைய வாசமேதான்க்கா. அந்தப் பக்கம் பாத்துட்டுத்தான் வாரேன். அங்கயும் இதேதான்."

அங்குத்தாய் நர்சரிக்காரனைப் போனில் பிடித்தாள். "எந்தக் கொடியிலடா நாத்துக்குக் குச்சி வெட்டுன?"

"ஒங்க ஊர்லதான்க்கா. கவாத்து வெட்டி ரோட்டோரம் கொட்டிக் கெடந்துச்சு. நடுவுல வேலி போட்ட தோட்டம். அப்பிடி ஒரு வாசம்னு ஊரே சொன்னாங்க, அள்ளிட்டு வந்தேன்."

திட்டுவதற்கு வாயைத் திறந்தாள்; "ஒங்க ஊர்லருந்தே இன்னொரு போன் வருதுக்கா" என்று அவன் வைத்துவிட்டான். மறுபடியும் நம்பரைப் போட்டாள், கிடைக்கவில்லை. அதற்குள் வேலிக்கு அந்தப் பக்கம், போனைக் காதில் வைத்தபடி சிவனம்மாள் கத்தினாள்:

"எடுபட்ட பயலே, அது என் குச்சிடா!"

அங்குத்தாய் சொல்ல இருந்ததும் அதேதான்.