சுக்குப் பற்று

“உன் ஆத்துக்காரருக்குக் கோயில்தான் கட்டணும், ராஜம்” என்றாள் காமாக்ஷி.

டிஸ்பென்சரி பெஞ்சில் இருவரும் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள். ராஜத்தின் வலது புருவத்தை மூடிச் சுக்குப் பற்று கெட்டியாகக் காய்ந்திருந்தது.

ராஜாராமன் தினமும் ஆபீஸ் கிளம்புமுன் தன் கையாலேயே சுக்கை உரைத்து மனைவிக்குப் பற்றுப் போடுவான். லக்ஷ்மிபாய் நகரில் அந்த வரிசைக் குவார்ட்டர்ஸ் முழுக்க இது பிரசித்தம். பால் பூத் க்யூவில் பெண்கள் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். அவர்களுடைய புருஷன்மார்களுக்கு அவனைக் கண்டாலே ஆகாது.

“எங்காத்து மனுஷர் ஒரு வாய் வெந்நீர் வெச்சுத் தந்ததில்லே. தலைவலிக்கறதுன்னா, ‘நீ ஜாஸ்தி பேசறே, அதான்’னுடுவார்.”

ராஜம் சிரிக்கப் பார்த்தாள். சிரித்தால் கண் வலித்தது.

இரண்டு மாதமாக இதே வலி. கண்ணாடி மாற்றியாயிற்று, மாத்திரை விழுங்கியாயிற்று. இன்று காலை குனிந்து அரிசி களையும்போது கண்ணுக்குப் பின்னால் சுரீரென்று இழுத்து, அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த வீட்டுக் காமாக்ஷிதான் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

“அவரோடயே வந்திருக்கலாம் மாமி. சொல்லாம வந்தா கோச்சுப்பார்.”

“அவருக்கு ஆபீஸ்லே பார்லிமென்ட் கேள்விக்குப் பதில் எழுதற வேலை. வர ஏழாகும். உனக்கோ ஹிந்தி தெரியாது. நான் பேசிக்கறேன், சும்மா இரு.”

டாக்டர் ஒரு பஞ்சாபி அம்மாள். அதிகம் பேசாதவள். காமாக்ஷியோ கறிகாய்க்காரனோடு பதினெட்டு வருஷம் சண்டை போட்டுக் கற்ற ஹிந்தியில் வலியின் சரித்திரத்தையே கொட்டித் தீர்த்தாள்.

“அச்சா, அச்சா” என்று அவளை நிறுத்திவிட்டு, டாக்டர் ராஜத்தின் முன்னால் விரலை நீட்டி மேலும் கீழும் நகர்த்தினாள். விரலோடு கண்ணை ஓட்டும்போதெல்லாம் ராஜம் பல்லைக் கடித்தாள்.

டாக்டர் பஞ்சை நனைத்து எடுத்தாள். ராஜம் சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பற்றைத் துடைக்க வேண்டாம்னு சொல்லுங்கோ மாமி. அவர் போட்டது.”

காமாக்ஷி அதை ஹிந்தியில் சொல்லவில்லை. டாக்டர் துடைத்துவிட்டாள்.

புருவம் நீலமும் பச்சையுமாகக் கன்றியிருந்தது. நடுவில் மோதிரம் கிழித்த கீறல். பக்கத்தில் ஆறிப்போன இன்னொன்று.

டாக்டர் கண்குழியின் மேல்மூலையில், மூக்கை ஒட்டி, கட்டைவிரலால் லேசாக அழுத்தினாள்.

“அம்மா!” என்று அலறினாள் ராஜம்.

“வலி கிளம்புவது இங்கேதான்” என்றாள் டாக்டர். “கண்ணைத் திருப்பும் தசைநார் இங்கே ஒரு சின்ன வளையத்துக்குள் ஓடுகிறது. அந்த இடம் வீங்கியிருக்கிறது. கண்ணாடியால் போகாது, சுக்காலும் போகாது. இந்த இடத்தில் ஒரு ஊசி போட்டால் சரியாகும். ஆனால் இன்னொரு தடவை அடிபட்டால் கண்ணுக்கே நான் உத்தரவாதம் இல்லை. எப்படி அடிபட்டது என்று கேளுங்கள்.”

காமாக்ஷி தமிழில் கேட்டாள்.

ராஜத்துக்கு அழுகை வந்தது. அழுதாலும் வலிக்கும் என்று அடக்கிக்கொண்டாள்.

“கதவுலே இடிச்சுண்டேன்னு சொல்லிடுங்கோ மாமி. உங்க காலைப் பிடிச்சுக்கறேன். அவர் காதுக்குப் போனா நான் அந்தாத்துலே இருக்க முடியாது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாது மாமி.”

டாக்டர் பேனாவோடு காத்திருந்தாள். வாசலில் அடுத்த டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள். வாய் ஓயாத காமாக்ஷி ஒரு நிமிஷம் ராஜத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, ஹிந்தியில் மெதுவாகச் சொன்னாள்:

“கதவு இல்லை, டாக்டர். இவள் புருஷன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தவள் நான்.”